விளம்பரச் சிரிப்பும் நமது கறுப்பும்

உலகத்திலே எல்லாச் சரக்குக்கும் விலையுண்டு, சிரிப்புக்கும் விலையுண்டு. முன்னாளில் வியாபாரி தன் சரக்கின் நயத்தைச் சொல்லி விற்றான். பின்பு அயலான் சரக்கின் குற்றத்தைச் சொல்லி விற்றான். இந்நாளிலோ, வாங்குபவனுடைய உடம்பின்மீதே குற்றம் சொல்லி, அதையும் அவனே கேட்டுச் சிரிக்கும்படியாகச் சொல்லி, விற்கக் கற்றுக்கொண்டான். இதற்கு வேடிக்கை என்றும், புதுமை என்றும், துணிச்சல் என்றும் அழகிய பெயர்கள் சூட்டப்பட்டிருக்கின்றன. யாரேனும் முகஞ்சுளித்தால், "ஹாஸ்யத்தை ஹாஸ்யமாகக் கொள்ளத் தெரியாதா?" என்ற கேள்வி உடனே எழுகிறது. அக்கேள்விக்கு விடை சொல்லியே தீரவேண்டும். ஏனெனில், இந்த வேடிக்கையில் பெரும்பாலும் நகைக்கப்படுவது கறுப்பு நிறம்; அந்நிறத்துக்குரியவர்களோ தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நாம்.

முதலில் நம் நாட்டு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2017-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், நோன்புப் பெருநாளை முன்னிட்டு, வாட்சன்ஸ் மலேசியா நிறுவனத்தார் ஏறக்குறைய 15 நிமிடம் ஓடக்கூடிய விளம்பரப் படம் ஒன்றை வெளியிட்டனர். செல்வம் மிகுந்த வணிகன் ஒருவன் ஓர் இனிய குரலைக் கேட்டு மயங்குகிறான். குரலுக்குரியவளின் முகத்திரை விலகுகிறது. முகமோ கன்னங்கரேலென்றிருக்கிறது. வணிகன் அதிர்ந்துபோகிறான். பிறகு அக்கறுப்புக் கழுவப்பட்டு, வெளுத்த முகம் வெளிப்பட்டவுடன் அவன் மனம் குளிர்கிறது. நடிகையின் முகத்திலே கரிய சாயம் பூசி எடுக்கப்பட்ட காட்சி இது. ஜனங்கள் கண்டித்தபோது, தாயாங் செனாண்டோங் என்னும் மலாய்ப் பழங்கதையைத் தழுவியது இப்படம் என்று முதலில் சமாதானம் சொல்லப்பட்டது. கண்டனம் தணியாமற்போகவே, மன்னிப்புக் கோரிப் படத்தை அகற்றிவிட்டனர்.

பழங்கதையில் அப்படித்தான் இருக்கிறது என்பது ஒரு சமாதானமாகுமா? பழங்கதைகள் ஆயிரம் இருக்கின்றன. அவற்றுள் கறுத்த முகத்தைக் கண்டு அஞ்சும் கதையை மட்டும் சவர்க்காரமும் முகப்பூச்சும் விற்கிற கடைக்காரர் பொறுக்கியெடுப்பானேன்? கதையிலே கறுப்பு ஒரு சாபம். கடையிலே அதற்குப் பரிகாரம். சாபத்தை நம்பவைத்தாலன்றிப் பரிகாரம் விலைபோகாது. கசப்பு மருந்தைக் குழந்தைக்கு வெல்லத்தில் வைத்துக் கொடுப்பதுபோல, அந்த நம்பிக்கையைச் சிரிப்பிலே வைத்து ஊட்டுகிறார்கள். வேடிக்கையின் வேலை அவ்வளவே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய புத்தியன்று. 2016-ஆம் ஆண்டில் தாய்லாந்திலே சியோல் சீக்ரெட் என்னும் மாத்திரையின் விளம்பரம், வெளுப்பாயிருந்தாலே வெற்றி கிட்டும் என்று ஒரு நடிகையைக் கொண்டு உபதேசித்தது. அதே ஆண்டில் சீனத்திலே சியாவ்பி என்னும் சலவைச் சரக்கின் விளம்பரம், கறுப்பு மனிதன் ஒருவனைச் சலவை இயந்திரத்திலே தள்ளி, வெளுத்த சீன இளைஞனாக வெளியே எடுத்தது. 2017 அக்டோபரில் டவ் நிறுவனத்தின் விளம்பரத்திலே கறுப்புப் பெண் ஒருத்தி சட்டையைக் கழற்ற, உள்ளிருந்து வெள்ளைப் பெண் ஒருத்தி தோன்றினாள். மூவருமே பின்னர் மன்னிப்புக் கேட்டனர்.

இதிலே புதுமை எங்கே இருக்கிறது? 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தின் பியர்ஸ் சவர்க்கார விளம்பரத்தில் கறுப்புக் குழந்தை ஒன்றைத் தொட்டியிலிட்டுக் குளிப்பாட்டி, கழுத்துக்குக் கீழே வெளுத்துப்போனதாகச் சித்திரம் எழுதினார்கள். அன்று காகிதத்தில் அச்சானது இன்று கைப்பேசியில் ஓடுகிறது. கருவி புதிது, கேலி பழையது. பழங்கஞ்சிக்குப் புதுக்கிண்ணம் வாங்கி வைத்துப் புதுமை என்று கூவுகிறார்கள்.

நிற்க. விளம்பரத்தை விட்டுச் சரக்கின் பக்கம் வருவோம். நம்மிற் பலர் தினமும் காலையிலே பல் துலக்கும் பற்பசை ஒன்றின் வரலாற்றை வாசகர்கள் கேட்கவேண்டும். 1933-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரத்து ஹாலி அண்ட் ஹேசல் கம்பெனியார் 'டார்க்கி' என்ற பெயரில் ஒரு பற்பசையைக் கொண்டுவந்தனர். அப்பெயர் கறுப்பு மக்களை இழிவாகச் சுட்டும் ஆங்கிலச் சொல். டப்பாவின்மேல், உயர்ந்த தொப்பியணிந்து, கரிய முகத்தில் வெள்ளைப் பற்களைக் காட்டிச் சிரிக்கும் ஒருவனுடைய உருவம். கறுப்பன் முகத்திலே பல் பளிச்சென்று தெரியும் என்பதே அந்த ஹாஸ்யம். 1985-ல் அமெரிக்கக் கோல்கேட் கம்பெனி அதிலே பாதிப் பங்கை வாங்கிற்று. கண்டனம் வலுக்கவே, 1989-ல் ஓர் எழுத்தை மாற்றி 'டார்லி' என்றாக்கி, உருவத்தையும் திருத்தினார்கள். ஆனால் சீன மொழியிலே 'கறுப்பு மனிதர் பற்பசை' என்ற பெயர் அப்படியே நின்றது. அதை மாற்றியது 2022-ல்தான். ஒரு கேலியை டப்பாவிலிருந்து முழுவதும் துடைக்க 89 ஆண்டுகள் பிடித்தன! அவ்வளவு காலமும் நாம் வாய் கொப்பளித்துவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

உடை விஷயமும் இப்படியே. 2018 ஜனவரியில் எச் அண்ட் எம் என்னும் துணி நிறுவனம், காட்டிலேயே ஒய்யாரமான குரங்கு என்ற பொருள்படும் ஆங்கில வாசகத்தைச் சட்டையில் அச்சிட்டு, அதை ஒரு கறுப்புச் சிறுவனுக்கு அணிவித்துப் படம் வெளியிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் பிராடா நிறுவனம் கரிய முகமும் தடித்த சிவந்த உதடுகளுமுடைய விளையாட்டுப் பொம்மைகளை விற்பனைக்கு வைத்தது. 2019 பிப்ரவரியில் கூச்சி நிறுவனத்தின் கம்பளிச் சட்டை வந்தது. அதன் கரிய கழுத்தை மூக்குவரை இழுத்துவிட்டால், வாய்க்கு நேரே சிவந்த உதடு வரைந்த ஓட்டை தெரியும். அதன் விலை 890 அமெரிக்க டாலர்! கண்டனம் எழுந்தவுடன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். தெரியாமல் நேர்ந்தது என்றார்கள். ஒரு சட்டை கடைக்கு வருமுன் எத்தனை கைகளைக் கடக்கிறது! வரைபவர், வெட்டுபவர், தைப்பவர், விலை போடுபவர், படம் பிடிப்பவர் ஆகிய இத்தனை பேருக்கும் கண்ணில்லையா? கண் இருந்தது, அங்கே நகைக்கப்படும் முகம் தங்கள் முகமென்று எண்ணக்கூடியவருடைய சொல் ஏறவில்லை. அதுதான் காரணம்.

இனி எதிர்க்கட்சிக்கு வருவோம். "சீர்திருத்தக்காரர்களே கேலியை ஆயுதமாகக் கொண்டவர்களாயிற்றே! மற்றவர் கேலி செய்தால் மட்டும் வலிப்பானேன்?" என்று கேட்பாருண்டு. நல்ல கேள்வி. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் வாழ்நாளெல்லாம் சிரிக்கவைத்தார். அவர் கேலி செய்தது மூடப்பழக்கத்தை, போலி வேஷத்தை. அந்தக் கேலியைக் கேட்டவன் வீட்டுக்குப் போய்த் தன் மடமையை விட்டுவிடலாம். விட்டால் அவனுக்கு லாபம். கறுப்பைக் கேலி செய்தால், கேட்டவன் எதை விடுவான்? தோலை உரித்துப்போட்டுவிட முடியுமா? விட முடியாததைக் கேலி செய்வது ஹாஸ்யமாகாது. அது அடித்துக்கொண்டே "வலிக்கிறதா?" என்று கேட்பது. எந்தக் கேலியையும் இந்த ஒரு தராசில் நிறுத்துப் பார்க்கலாம்: நகைக்கப்படுவது செய்கையா, பிறப்பா?

இதுவரை வெளியாரைச் சொன்னேன். வெளியாரை மட்டும் ஏசிவிட்டு உட்கார்ந்துவிடுவது எளிது, அதனால் பயனில்லை. நம் வீட்டுக் கதவையும் திறந்து பார்க்கவேண்டும்.

2007-ஆம் ஆண்டில் 'சிவாஜி' என்ற தமிழ்ப் படம் வந்தது. தமிழ்நாட்டிலே மட்டுமா, மலேசியாவிலும் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தோம். அதிலே இரண்டு பெண்களுக்குக் கரிய சாயம் பூசி, கதாநாயகன் கண்டு ஓடும்படியாக நிறுத்திச் சிரிக்கவைத்தார்கள். அப்பெண்களுக்கு இட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை! பறம்புமலைப் பாரியின் மகளிருக்கு வழங்கும் பெயர்கள் அவை. தந்தையை இழந்து அவர்கள் பாடிய பாட்டு புறநானூற்றில் 112-ஆம் பாட்டாக நிற்கிறது. அதே படத்தில், கதாநாயகன் வெளுப்பதற்குப் படும் பாடு தனி வேடிக்கை. ஒரு பாட்டு முழுவதும் கணிப்பொறியின் உதவியால் அவர் மேனியை வெள்ளையாக்கிக் காட்டினார்கள். கைதட்டியவர் யார்? வாட்சன்ஸ் படத்துக்குப் பத்தாண்டு முன்பே, சீனரும் வெள்ளையரும் கற்பிக்காமலேயே, தமிழர் எடுத்துத் தமிழர் பார்த்துத் தமிழர் சிரித்த சிரிப்பு அது. அயலான் நம்மைக் கேலி செய்யும்போது மட்டும் நமக்கு மானம் வருமாயின், அந்த மானம் எத்தனை நாழிகை நிற்கும்?

கலியாணப் பேச்சிலே முதற்கேள்வி என்ன? "பெண் நல்ல சிவப்பா?" படிப்பு, குணம், உடல்நலம் எல்லாம் அதற்குப் பின்புதான். இந்தக் கேள்வியின்மேல் கட்டிய மாளிகைதான் 1975-ல் இந்துஸ்தான் லீவர் கம்பெனி கொண்டுவந்த 'பேர் அண்ட் லவ்லி' முகப்பூச்சு. அமெரிக்காவில் ஜார்ஜ் பிளாய்ட் கொல்லப்பட்டு உலகமெங்கும் நிறவெறிக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்த 2020-ஆம் ஆண்டில், 'பேர்' என்ற சொல்லை நீக்கி 'குளோ' என்று பெயரிட்டார்கள். கம்பெனி தன் டப்பாவில் ஒரு சொல்லை மாற்றிவிட்டது. நாம் நம் கலியாணப் பேச்சில் ஒரு சொல்லையாவது மாற்றினோமா?

தமிழ் படித்த வாசகர்கள் இதையும் எண்ணிப்பார்க்கவேண்டும். நம் பழந்தமிழ்ப் பாட்டுகளிலே பெண்ணின் இயற்கையழகுக்குப் பெயர் மாமை. அது மாந்தளிரின் நிறம், சுண்ணாம்பின் வெளுப்பன்று. வெளிறிப்போவதற்குப் பெயர் பசலை, அது நோய். குறுந்தொகையிலே வெள்ளிவீதியாரின் தலைவி, தன் மாமையழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாவதை நினைந்து வருந்துகிறாள். திருவள்ளுவர் 119-ஆம் அதிகாரம் முழுவதையும் பசப்பு என்னும் துன்பத்துக்கே ஒதுக்கினார். முன்னோர் நோயென்று அழுததை நாம் டப்பாவிலே அடைத்து வெள்ளி கொடுத்து வாங்குகிறோம். அவர்கள் மாமை என்று கொண்டாடியதை நாம் 'மாநிறந்தான்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறோம்.

மானம் போவதோடு நின்றாலும் ஒருவாறு பொறுக்கலாம். உயிருக்கே ஆபத்து வருகிறது. மலிவான வெளுப்புப் பசைகள் சிலவற்றிலே பாதரசம் சேர்க்கப்படுகிறது. தோலில் கருநிறப் பொருள் உண்டாவதைப் பாதரசம் தடுக்கிறது. ஆகையால் முகம் விரைவில் வெளுக்கிறது. அதே பாதரசம் தோலின் வழியே இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், சிறுநீரக நோயோடு வந்த சிலர் இத்தகைய பசைகளைப் பூசி வந்தவர்கள் என்பதை 2023-ல் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். அவ்வாண்டிலேயே மினாமாட்டா உடன்படிக்கை நாடுகள் கூடி, பாதரசம் சேர்த்த அழகுச் சரக்குகளை 2025-க்குள் ஒழிப்பதென்று தீர்மானித்தன. நமது சுகாதார அமைச்சும் பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் கலந்த பூச்சுகளின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டுத் தடை செய்து வருகிறது. ஆயினும் சம்பளம் கைக்கு வந்தவுடன், பெயரும் எண்ணுமில்லாத டப்பாவைக் கைப்பேசியிலே பார்த்து வரவழைக்கும் பெண்கள் தோட்டத்திலும் உண்டு, பட்டணத்திலும் உண்டு. அவர்களை ஏசாதீர்கள். அவர்களைப் பெண்பார்க்க வந்த வீட்டாரைக் கேளுங்கள்.

எங்கள் பாலிக் புலாவ் மலைச்சரிவிலே கிராம்பு விளைகிறது. மொட்டுச் சிவக்கும்போது பறித்து, நாட்கணக்கில் வெயிலிலே காயவைக்கிறார்கள். அது காய்ந்து கறுத்த பின்புதான் தராசில் ஏறும், அப்போதுதான் விலை. தோட்டக் கணக்கெழுதும் நான் நன்கறிவேன், வெளுத்த கிராம்பை எந்தச் செட்டும் வாங்கமாட்டான். அந்த வெயிலிலேயே நின்று, அந்தக் கிராம்பைப் பறித்துக் காயவைத்தவளுடைய முகம் கறுத்தால் மட்டும் அவள் விலை குறைந்துபோகிறதாம்! உழைப்பினால் வந்த நிறத்தை உழைப்பவளே வெறுக்கும்படி செய்துவிட்டு, அவள் கூலியிலேயே ஒரு பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் தந்திரத்தை வேடிக்கை என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆகவே, தோழர்களே! செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல. அறிவிப்பு எண் இல்லாத பூச்சை வாங்காதீர்கள்; எண் இருந்தாலும் அமைச்சின் பட்டியலோடு ஒத்துப்பாருங்கள். கறுப்பைக் கேலி செய்யும் விளம்பரம் கைப்பேசிக்கு வந்தால், சிரித்துவிட்டு நாலு பேருக்கு அனுப்பாதீர்கள். அப்படி அனுப்புவதே அவ்வியாபாரிக்குக் கூலியில்லாமல் வேலை செய்வதாகும். கடைக்காரருக்கு எழுதிக் கண்டியுங்கள். 2017-ல் அப்படம் இறங்கியது கண்டனத்தால்தான். கலியாணப் பேச்சிலே நிறத்தைக் கேட்பவருக்கு விடை சொல்லாமல், "வேறு கேளுங்கள்" என்று சொல்லுங்கள். பிள்ளைகளைக் 'கருவாச்சி', 'கறுப்பன்' என்று செல்லமாகக்கூட இழித்தழைக்க வேண்டாம். அந்தச் செல்லந்தான் வளர்ந்து டப்பா வாங்கப் போகிறது. வியாபாரி நம் சிரிப்பை நம்பிக் கடை விரித்திருக்கிறான். நாம் சிரிக்காவிட்டால், அவன் வேறு சரக்குத்தான் கொண்டுவரவேண்டும்.