ரயில் பெட்டி பக்கவாட்டில் போகுமா?

அறந்தாங்கியில் முகூர்த்த நாளன்று கல்யாண மண்டபத்துக்கு பைக்கில் போனவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும். சீக்கிரமே போய், நல்ல நிழலாகப் பார்த்து, சந்தின் கடைசியில் சுவரோரமாக வண்டியை நிறுத்தியிருப்பார்கள். சாப்பிட்டு முடித்து தாம்பூலப் பையோடு வெளியே வந்தால், முன்னால் இருபது வண்டிகள். முதலில் வந்தவர்தான் கடைசியில் போக வேண்டும். அவசரம் என்றால், பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரைக் கூப்பிட்டு, நடுவில் இருக்கும் வண்டிகளின் பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி ஓரமாக வைத்து, வழி செய்துகொண்டு வர வேண்டியதுதான்.

பைக்கைத் தூக்கிப் பக்கத்தில் வைக்கலாம். ஏறக்குறைய 40 டன் எடையுள்ள ரயில் பெட்டியை?

ரயில் பெட்டிக்கு ஸ்டீயரிங் கிடையாது. தண்டவாளம் போகும் பக்கம்தான் அது போகும். முன்னே போகலாம், பின்னே வரலாம். அவ்வளவுதான். ஆனால் ரயில்வே பணிமனைகளில் தினமும் பெட்டிகள் பக்கவாட்டில் போய்க்கொண்டிருக்கின்றன. ஒரு தண்டவாளத்தில் நிற்கும் பெட்டி, இணையாக இருக்கும் ஐந்தாவது தண்டவாளத்துக்குப் போக வேண்டுமா? அப்படியே நின்றபடி, நண்டு நகர்வது போல நகர்ந்து போய்விடும். அதற்கு உதவும் இயந்திரத்தின் பெயர் டிராவர்சர். அமெரிக்காவில் இதையே டிரான்ஸ்ஃபர் டேபிள் என்கிறார்கள்.

ஓடும் தண்டவாளம்

விஷயம் ரொம்ப எளிமையானது. இரண்டு பெரிய ஷெட்டுகள் எதிரெதிரே இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் வரிசையாகத் தண்டவாளங்கள் வெளியே வருகின்றன. நடுவில், ஒரு பெட்டியின் நீளத்தைவிடச் சற்று அதிக அகலத்தில், ஆழம் குறைந்த நீளமான பள்ளம். இந்தப் பள்ளத்தின் தரையில் ஷெட் தண்டவாளங்களுக்குக் குறுக்கே வேறு தண்டவாளங்கள் போடப்பட்டிருக்கும். அவற்றின் மேல் ஒரு இரும்பு மேடை ஓடும். மேடையின் முதுகில் ஒரே ஒரு ஜோடி தண்டவாளம்.

மேடை வந்து, ஷெட் தண்டவாளத்துக்கு நேராக நிற்கும். இரண்டும் பொருந்தியதும் பூட்டுவார்கள். ஒரு விஞ்ச் மூலம் இரும்பு வடத்தைக் கட்டிப் பெட்டியை மெதுவாக மேடை மேல் இழுப்பார்கள். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பூட்டை எடுத்துவிட்டு, மின் மோட்டாரை இயக்கினால் மேடை பெட்டியையும் சுமந்துகொண்டு பக்கவாட்டில் நகரும். வேண்டிய தண்டவாளம் வந்ததும் மறுபடி நேராக நிறுத்தி, பூட்டி, பெட்டியை உள்ளே தள்ளிவிடுவார்கள். பள்ளமே வேண்டாம் என்று தரை மட்டத்தில் ஓடும் டிராவர்சர்களும் உண்டு. அவற்றில் பெட்டி சின்னச் சரிவில் ஏறி மேடைக்கு வரும்.

இதில் 'நேராக நிறுத்துவது' என்பதுதான் கவனம் தேவைப்படும் வேலை. மேடைத் தண்டவாளமும் ஷெட் தண்டவாளமும் கொஞ்சம் விலகி இருந்தாலும் சக்கரம் இறங்கிவிடும். பூட்டு விழுந்ததா என்று பார்க்காமல் வடத்தை இழுக்க முடியாது. மேடை நகரும்போது மணியோ சைரனோ ஒலிக்கும். குறுக்கு வழி என்று யாரும் பள்ளத்தில் இறங்கி நடக்கக் கூடாது. பல டன் எடையுள்ள மேடை மெதுவாக வந்தாலும், இடித்தால் இடித்ததுதான்.

அரை கிலோமீட்டர் கணக்கு

பெட்டியைத் தண்டவாளம் மாற்ற பாயிண்ட்ஸ் இருக்கிறதே, இது எதற்கு என்று தோன்றலாம். ஸ்டேஷன்களில் ரயில்கள் அப்படித்தானே பிளாட்பாரம் மாறுகின்றன?

இடத்தைக் கணக்குப் போட்டால் விடை கிடைத்துவிடும். நம் ரயில்வே யார்டுகளில் பரவலாக உள்ள பாயிண்ட்ஸ் வகைகளில் ஒன்று, எட்டரைக்கு ஒன்று. அதாவது, பக்கவாட்டில் ஒரு மீட்டர் விலக வேண்டுமானால், முன்னே எட்டரை மீட்டர் ஓட வேண்டும். ஒரு பணிமனையில் 10 தண்டவாளங்கள், ஒன்றுக்கொன்று 6 மீட்டர் இடைவெளியில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் தண்டவாளத்துக்கும் பத்தாவதுக்கும் நடுவே 54 மீட்டர். எட்டரையால் பெருக்கினால் 459 மீட்டர். தண்டவாளங்களைப் பிரித்துவிடுவதற்கு மட்டுமே கிட்டத்தட்ட அரை கிலோமீட்டர் நிலம் வேண்டும். அதே வேலையை டிராவர்சர் 30 மீட்டருக்கும் குறைவான அகலத்தில் முடித்துவிடும்.

இடம் மட்டுமல்ல, நம் கல்யாண மண்டபப் பிரச்னையும் இருக்கிறது. பாயிண்ட்ஸ் வைத்து ஒரு தண்டவாளத்தில் நான்கு பெட்டிகளை விட்டால், கடைசியில் நிற்கும் பெட்டிக்கு முதலில் வேலை முடிந்தாலும் முன்னால் இருக்கும் மூன்றையும் நகர்த்தித்தான் அதை எடுக்க முடியும். ஒவ்வொரு தடவையும் ஒரு ஷன்டிங் இன்ஜின் வர வேண்டும். டிராவர்சர் இருந்தால் ஒரு கொட்டகையில் ஒன்றிரண்டு பெட்டி வைத்து, வேண்டியதை வேண்டிய நேரத்தில் வெளியே எடுக்கலாம்.

நம்ம ஊர் பெட்டி எங்கே போகிறது?

அறந்தாங்கிக்கு ரயில் வந்தது 1903-ஆம் ஆண்டின் கடைசி நாளில். தஞ்சாவூர் ஜில்லா போர்டு ரயில்வே என்ற பெயரில், மயிலாடுதுறையிலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894-இல் போட்ட மீட்டர் கேஜ் பாதை, பட்டுக்கோட்டையைத் தொட்டு, இங்கே வந்து நின்றது. 1952-இல் காரைக்குடி இணைப்பு கிடைக்கும்வரை, அதாவது கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு, அறந்தாங்கிதான் கடைசி ஸ்டேஷன்.

கடைசி ஸ்டேஷன் என்றால் ஒரு சிக்கல் உண்டு. ரயிலை இழுத்து வந்த இன்ஜின், முன்னால் தடுப்புக்கும் பின்னால் பெட்டிகளுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். அதைக் கழற்றிப் பக்கத்துத் தண்டவாளம் வழியாகச் சுற்றி மறுமுனைக்குக் கொண்டுவர, பாயிண்ட்ஸுக்கு இடம் வேண்டும். நிலத்துக்குப் பஞ்சமில்லாத ஊரில் இது பெரிய விஷயமில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் மூர் ஸ்ட்ரீட் ஸ்டேஷனை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியபோது அந்த இடம் இல்லை. அதனால் பிளாட்பாரத்தின் முனையிலேயே டிராவர்சர் வைத்துவிட்டார்கள். வந்த இன்ஜின் அதில் ஏறி, பக்கத்துத் தண்டவாளத்துக்கு நகர்ந்து வெளியேறும். பயணிகள் கண்முன்னே டிராவர்சர் வேலை செய்த ஸ்டேஷன்கள் உலகத்திலேயே குறைவு. மற்றபடி இது பணிமனைச் சுவருக்குள்ளேயே இருக்கும் இயந்திரம். அதனால்தான் தினமும் ரயிலில் போகிறவர்களில்கூடப் பலருக்கு இதைத் தெரிவதில்லை.

அறந்தாங்கிப் பாதையை ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. அதன் பெரிய பணிமனை அன்றைக்கு நாகப்பட்டினத்தில் இருந்தது. 1928-இல் அது திருச்சிக்குப் பக்கத்தில் பொன்மலைக்கு வந்தது. சென்னையில் பெரம்பூர் பணிமனை அதைவிட மூத்தது, 1856-இல் தொடங்கியது. தமிழ்நாட்டு ரயில் பெட்டிகள் பெரும்பாலும் பெரிய பராமரிப்புக்குப் போவது இந்த மாதிரி பணிமனைகளுக்குத்தான்.

எக்ஸ்பிரஸ் ரயில் பெட்டி என்றால் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை அங்கே போக வேண்டும். அதை ரயில்வேகாரர்கள் பி.ஓ.எச். என்பார்கள். வெறும் கழுவித் துடைக்கும் வேலை இல்லை. பெட்டியின் உடலைக் கிரேனால் தூக்கி, சக்கரத் தொகுதியைத் தனியாகக் கழற்றிவிடுவார்கள். (நாம் பெட்டியையே 'போகி' என்கிறோம். பணிமனையில் போகி என்றால், பெட்டிக்கு அடியில் இருக்கும் அந்த நான்கு சக்கரத் தொகுதி மட்டும்தான்.) போகிகள் ஒரு ஷெட்டுக்குப் போகும். உடல், தற்காலிகச் சக்கரங்கள் மேல் உட்கார்ந்து, துருப்பிடித்த தகடு மாற்ற ஓரிடம், வயரிங் பார்க்க ஓரிடம், பெயின்ட் அடிக்க ஓரிடம் என்று சுற்றும். கடைசியில் சரிபார்த்த போகிகள் மேல் மறுபடி உட்கார்ந்து, பிரேக் சோதனை முடிந்து வெளியே வரும். இத்தனை ஷெட்டுகளுக்கும் நடுவில் ஓயாமல் போய் வருவது டிராவர்சர்.

இதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. பாயிண்ட்ஸ் ஒன்று பழுதானால் ஒரு தண்டவாளம் அடைபடும். டிராவர்சர் நின்றுவிட்டால் ஷெட் முழுக்க அடைபடும். வேலை முடிந்த பெட்டி வெளியே வர முடியாது, காத்திருக்கும் பெட்டி உள்ளே போக முடியாது. பள்ளத்தில் மழைநீர் தேங்கினாலும், அடியில் இருக்கும் தண்டவாளங்களில் ஒன்று அமிழ்ந்து மட்டம் தவறினாலும் இதே கதை. பராமரிப்புப் பணிமனையில் முதலில் பராமரிக்க வேண்டிய பொருள் இதுதான்.

ஒரு மீட்டர் தகராறு

சமீப ஆண்டுகளில் டிராவர்சர்களுக்கு வந்த பெரிய சோதனை வேறு. பெட்டி நீளமாகிவிட்டது.

1955 அக்டோபர் 2-இல் நேரு தொடங்கி வைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப். ஆலையின் நீலப் பெட்டிகளைத் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அந்தப் பெட்டி, இரண்டு முனையிலும் இருக்கும் பஃபர்களையும் சேர்த்து, சுமார் 22.3 மீட்டர். 2018 தொடக்கத்தில் அந்த ஆலை பழைய வகைப் பெட்டி கட்டுவதை நிறுத்தியது. இப்போது வருவது ஜெர்மானிய வடிவமைப்பிலான எல்.எச்.பி. விபத்தில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்கும்படி வடிவமைத்தவை என்பதால் பாதுகாப்பு கூடுதல். நீளம் சுமார் 24 மீட்டர்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சக்கரங்களை மட்டும் பார்த்தால் புதிய பெட்டி பழையதைவிட நீளமே இல்லை. பழைய ஐ.சி.எஃப். பெட்டியில் முதல் அச்சிலிருந்து கடைசி அச்சுவரை 17.68 மீட்டர். எல்.எச்.பி.யில் 17.46 மீட்டர். ஆக, பழைய டிராவர்சர் மேடையில் புதுப் பெட்டியின் சக்கரங்கள் தாராளமாக நிற்கும். வம்பு, சக்கரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் உடலில் இருக்கிறது. பழைய பெட்டியில் அது ஒவ்வொரு முனையிலும் சுமார் 2.3 மீட்டர். புதியதில் சுமார் 3.3 மீட்டர். ஒரு பக்கத்துக்கு ஒரு மீட்டர் கூடுதல்.

முன்னே பின்னே ஓடும்போது இந்த ஒரு மீட்டர் யாரையும் தொந்தரவு செய்யாது. பக்கவாட்டில் போகும்போதுதான் சிக்கல். பள்ளத்தின் கரையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் முனை, ஷெட் வாசலில் நிற்கும் அடுத்த பெட்டியையோ தூணையோ இடிக்கும். லாரியில் கம்பி ஏற்றிக்கொண்டு தெரு முனையில் திரும்புவது போல. மேடையை நீட்டினால் போதுமா என்றால், போதாது. பள்ளமும் அகலமாக வேண்டும். பள்ளத்தின் இரு கரையிலும் பல பத்தாண்டுகளுக்கு முன்பு கட்டிய ஷெட்டுகள் நிற்கின்றன. புதுப் பெட்டிகள் அதிகமாக அதிகமாக, நீளமான புதிய டிராவர்சர்களுக்கான தேவை பழைய பணிமனைகளில் எழுந்தது இதனால்தான். இதற்கு ஆகும் செலவும் நாளும் பயணிகள் கண்ணில் படுவதில்லை. ஒரு புது ரயில் விடும்போது கொடி அசைப்பது தெரிகிறது. அந்த ரயிலின் பெட்டி ஒன்றரை ஆண்டு கழித்து உள்ளே திரும்ப ஒரு பள்ளம் அகலமானதா என்று யாரும் கேட்பதில்லை.

அறந்தாங்கிக்கும் இதில் பங்கு இருக்கிறது. மீட்டர் கேஜ் போய், அகலப் பாதைக்காகச் சில ஆண்டுகள் ரயிலே இல்லாமல் காத்திருந்த ஊர் இது. 2018-இல் காரைக்குடி - பட்டுக்கோட்டை, 2019-இல் திருவாரூர் வரை பாதை திறந்தது. 2025 ஏப்ரல் 6-இல் புதிய பாம்பன் பாலத்தோடு தொடங்கிய தாம்பரம் - ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸும் இந்த வழியாகத்தான் போகிறது. வண்டிகளின் எண்ணிக்கை கூடினால், பணிமனைக்குப் போய் நேரத்துக்குத் திரும்ப வேண்டிய பெட்டிகளும் கூடும். பெட்டி வரத் தாமதமானால், வண்டியில் ஒரு பெட்டி குறையும், அல்லது பழசு ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

நீங்கள் ஏறும் பெட்டி கடைசியாக எப்போது பணிமனைக்குப் போனது என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். அடுத்த தடவை ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது, பிளாட்பாரத்தில் நின்றபடியே, பெட்டியின் முனைச் சுவரைப் பாருங்கள். இரண்டு பெட்டிகள் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பெயின்டால் எழுதியிருக்கும். பி.ஓ.எச். முடித்த பணிமனையின் சுருக்கம், முடித்த தேதி, அடுத்து திரும்ப வேண்டிய தேதி. ஜி.ஓ.சி. என்று இருந்தால் பொன்மலை. பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் அது கட்டப்பட்ட ஆண்டு. வண்டி கிளம்பும் நேரமாக இருந்தால் மட்டும் இந்த ஆராய்ச்சியை அடுத்த ஸ்டேஷனுக்கு ஒத்திப்போடுங்கள்.