கைமாறும் நூல்கள்

சென்னை சென்ட்ரல் நிலையத்தின் அருகே 1900-இல் திறக்கப்பெற்ற மூர் மார்க்கெட், பழைய நூல்களின் கருவூலமாகத் திகழ்ந்தது. வசதியற்ற மாணவரும் புலமை மிக்க பேராசிரியரும் அங்கே ஒரே குவியலின் முன் குனிந்து நின்றனர். 1985-இல் அதனைத் தீ விழுங்கிற்று. கடைகள் இடம்பெயர்ந்தன, பழைய நூல் தேடும் பழக்கமோ அழியவில்லை.

ஆயினும், பிறர் பயன்படுத்திய பொருளை வாங்குவது இழுக்கு என்னும் எண்ணம் இன்று நம்மிடையே வேரூன்றி வருகின்றது. முன்னவர் கைபட்டதால் நூலின் அறிவு குறைந்துவிடுமா? ஒரு பருத்திச் சட்டை உருவாக ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாகும் என மதிப்பிடுகின்றனர். அதனைச் சில மாதங்களில் நாம் ஒதுக்கும்போது, எங்கோ ஒரு வயலின் நீரையும் சேர்த்தே எறிகின்றோம்.

மலிவு என்பதற்காகத் தேவையற்றவற்றை வாங்கிக் குவிப்பதும் சிக்கனமன்று. விற்பவர்க்கும் கடமை உண்டு. கிழிந்த பக்கத்தை முன்னரே காட்டி விற்பதே நேர்மை.

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மூத்த மாணவர் தம் நூல்களைத் துறையில் ஒப்படைக்க, இளையோர் அவற்றைப் பாதி விலைக்குப் பெறட்டும். இயலாதவரிடம் விலை கேளோம். கொடுத்தவர் யார், கொடாதவர் யார் என்பதைப் பிறர் அறிய வேண்டா. பாடத்திட்டம் மாறிவிடுமே என்பர் சிலர். மாறட்டும், அகராதியும் நன்னூலும் அதனால் பயனற்றுப் போவதில்லை. இவ்வாண்டே தொடங்குவோமாக!