பட்டாளம் விற்ற லோரி

ராணுவம் பழைய லோரியை ஏலம் விடும்போது லோரியை மட்டும்தான் விற்கிறது. அதற்குத் தினமும் எண்ணெய் பார்த்து, தண்ணீர் வடித்து வந்த சிப்பாய்களை விற்பதில்லை. அந்த வேலையெல்லாம் வாங்கியவர் தலையில் விழும். அமெரிக்காவின் வடமாநிலங்களில் இப்படி லோரி வாங்கியவர்களுக்கு முதல் குளிர்காலமே இதைப் புரியவைத்துவிடும்.

இந்த லோரிகள் மேல் எனக்கு ஒரு பித்து உண்டு, வாசகர்களே. அதிலும் எம்35 என்றால் கூடுதல் பிரியம். 1950-களில் புழக்கத்துக்கு வந்த இரண்டரை டன் ரகம். பின்னால் வந்த எம்35ஏ2 டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எதுவானாலும் குடிக்கும். அவசரத்துக்குப் பெட்ரோலும் சரி.

அமெரிக்கக் கிராமங்களின் தன்னார்வத் தீயணைப்புக் குழுக்கள் பலவும் இவ்வகை லோரிகளை அரசாங்கத்தின் உபரித் திட்டத்தில் பெற்று, முதுகில் தண்ணீர்த் தொட்டி ஏற்றித் தீயணைப்பு வண்டியாக்கின. மைனஸ் 25 டிகிரி இரவில் அது கிளம்ப மறுத்தால் சிரித்துவிட்டுப் போக முடியாது. யாருடைய வீடோ எரிந்துகொண்டிருக்கும்.

முதலில் மடக்குவது பேட்டரி. இந்த லோரிக்கு 24 வோல்ட் வேண்டும். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். குளிரில் பேட்டரியின் பலம் பாதியாகிவிடும். என்ஜின் எண்ணெயோ பாகுபோல் கெட்டிப்படும். அதாவது பலம் குறையும் நேரத்தில்தான் வேலை கூடுகிறது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி மைனஸ் 40-இலும் உறையாது. தீர்ந்துபோனதோ மைனஸ் 10 வாக்கிலேயே உறைந்து வெடிப்பு விட்டுவிடும். வானொலிக்காரன் நானே சொல்கிறேன்: லோரியில் பாட்டுக் கேட்கும் ஆசையில் ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் இழுக்கக்கூடாது. ஒன்று நிறைந்தும் மற்றது வற்றியும் நிற்கும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் தனிக் கருவி பொருத்துவதே முறை.

அடுத்தது டீசல். அதற்குள் மெழுகு இருக்கிறது. உறைநிலைக்குக் கீழே இறங்கினால் மெழுகு திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். அதனால் குளிர்காலத்துக்கென்று தயாரிக்கும் டீசலை ஊற்றுகிறார்கள். அல்லது மண்ணெண்ணெய் கலக்கிறார்கள். எதையும் குடிக்கும் என்ஜினுக்கு இது பெரிய காரியமில்லை. என்ஜினைச் சூடாக வைக்க மின்சார ஹீட்டரும் உண்டு. அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் சாதாரணக் கார்களுக்கே முன்னால் ஒரு பிளக் தொங்கும்.

வண்டி கிளம்பாவிட்டால் கராஜிலேயே நிற்கும். கிளம்பிய பிறகு நிற்காவிட்டால்? என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். எம்35ஏ2-வில் கால் மிதியின் பலத்தைக் கூட்டுவது அழுத்தக் காற்று. காற்றை அழுத்தும்போது அதிலுள்ள ஈரம் தண்ணீராகத் தொட்டியின் அடியில் தங்கும். அதை வடிக்காமல் விட்டால் குளிரில் பனிக்கட்டியாகிக் குழாயையும் வால்வையும் அடைக்கும். மிதி கல்லாக இறுகிவிடும். சுமை ஏற்றாமலே 6 டன் எடையுள்ள வண்டியை வெறும் கால் பலத்தில் நிறுத்தியாக வேண்டும். எண்ணெய் பிரேக்கும் ஒரே சுற்றுதான்; எங்கே ஒழுகினாலும் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும்.

இதற்கு மருந்து செலவில்லாதது. ஓட்டி முடித்ததும் தொட்டியின் அடியிலுள்ள சிறு குழாயைத் திறந்து தண்ணீரை வடிப்பது. ஒரு நிமிட வேலை. பட்டாளத்தில் சிப்பாய் செய்யாவிட்டால் மேலதிகாரி கேட்பார். சொந்த லோரியைக் கேட்க ஆளில்லை. பனி கொட்டும் இரவில், வீட்டுக்குப் போகும் அவசரத்தில், குனிந்து அந்தக் குழாயைத் திறப்பவர்தான் உண்மையில் அந்த லோரிக்குச் சொந்தக்காரர்.

நம்மூரில் பனி இல்லை. ஆனால் காற்று பிரேக் கொண்ட நம் லோரிகளுக்கும் அதே தொட்டி உண்டு. நம் காற்றில் ஈரமும் அதிகம். இங்கே அந்தத் தண்ணீர் உறையாது, துருவாக்கும். உங்கள் வீட்டில் லோரி ஓட்டுபவர் இருந்தால், இன்று தண்ணீர் வடித்தாரா என்று ஒரு வார்த்தை கேட்டுவையுங்கள்.