ஒரே ஆசாமி, ரெண்டு விலாசம்

எங்கள் சாயர்புரத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் தூத்துக்குடி. அந்த ஊருக்கு ரெண்டு பெயர். நமக்குத் தூத்துக்குடி, இங்கிலீஷ் வாய்க்கு டூட்டிகோரின். கல்யாணத்துக்கு வந்த வடநாட்டு நண்பர் ஒருவர், ஸ்டேஷனில் இறங்கி, "டூட்டிகோரின் வந்தாச்சு, தூத்துக்குடிக்கு எங்கே வண்டி மாறணும்?" என்று விசாரித்தார். 2020 ஜூனில் அரசாங்கம், 1018 ஊர்களின் இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றுவதாக அறிவித்தது. அதே மாதமே வாபஸும் வாங்கிக்கொண்டது. இருக்கிற விலாசத்தை மாற்றுவது அவ்வளவு லேசான காரியமில்லை.

இதை நான் அனுபவபூர்வமாகக் கற்றது போன மாதம், என் வீட்டுக் கம்ப்யூட்டரில்.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரலுக்குள் புகுந்து, என் சித்தி வீட்டு பீரோவையும் விட்டுவைக்கவில்லை. பீரோவில் மேல் தட்டில் பட்டுச் சேலை, கீழ்த் தட்டில் போட்டோ ஆல்பம். சேலை தப்பித்தது.

ஒட்டிக்கொண்ட போட்டோக்களை மெல்லப் பிரித்து, துணி கிளிப் மாட்டிக் கொடியில் காயப்போட்டோம். தேறியது 412. அத்தனையையும் மறுபடி படம் எடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டேன். சித்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர் அடித்தேன். "இது உங்க தாத்தா. பக்கத்துல நிக்கது அவரு தம்பி, ஹார்பர்ல வேலை பார்த்தாவ. இந்த மூக்குத்திக்காரி அவருக்குப் பாத்த பொண்ணு, கல்யாணம் நின்னு போச்சு. அதை எழுதாத!" நாலு சாயங்காலம் ஆயிற்று. வருஷம் திரும்புமுன் சித்தி போய்விட்டாள்.

இப்போது அந்த முகங்களில் பாதிக்குப் பெயர் தெரிந்த மனுஷர் யாரும் கிடையாது. கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும்.

அந்தக் கம்ப்யூட்டரைத்தான் போன மாதம் திறந்தேன். படங்களைப் பராமரிக்க நான் வைத்திருப்பது லைட்ரூம். இடது பக்கம் பார்த்தால் ஒரே ஹார்ட் டிஸ்க் ரெண்டு இடத்தில் இருக்கிறது! மேலே 'ஈ' டிரைவ், 412 படம், ஃபோல்டர் மேல் கேள்விக்குறி. கீழே 'எஃப்' டிரைவ், அதே 412 படம், கேள்விக்குறி இல்லை.

என் சம்சாரம் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுதான் ரெண்டா நிக்கி. கேள்விக்குறி போட்டதை அழிச்சிட்டு வாங்க, தோசை ஆறுது."

நியாயமாகத்தான் பட்டது. மௌஸைக் கொண்டுபோனேன். கோவில்பட்டியிலிருந்து வந்திருந்த அக்கா மகன் போட்ட சத்தத்தில் தோசைச் சட்டியே அதிர்ந்திருக்கும். "மாமா, கையை எடுங்க!"

தோசை ஆறியே போனாலும் பரவாயில்லை என்று பயல் எனக்குப் பாடம் எடுத்தான். உங்களுக்கும் உபயோகப்படும் என்பதால் அப்படியே தருகிறேன்.

இந்த மாதிரி மென்பொருளுக்குள் படங்கள் கிடையாது. இருப்பது ஒரு பேரேடு. இன்ன படம், இன்ன டிஸ்க்கில், இன்ன ஃபோல்டரில் என்று விலாசம் எழுதி, பக்கத்திலேயே நாம் அடித்த பெயரையும் குறித்து வைத்திருக்கும். விண்டோஸில் அந்த விலாசத்தின் முதல் எழுத்து டிரைவ் எழுத்து. வெளியிலிருந்து செருகும் டிஸ்க்குக்கு அது சொந்த எழுத்து அல்ல, லாட்ஜ் ரூம் மாதிரி. வழக்கமாக அதே ரூம் கிடைக்கும். யாராவது முந்திக்கொண்டால் அடுத்த ரூம்.

முந்திக்கொண்டது ஒரு கல்யாண வீடியோ பென் டிரைவ். அதைச் செருகி விட்டு அப்புறம் ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருக்கிறேன். 'ஈ' பறிபோய், டிஸ்க் 'எஃப்'பில் குடியேறிவிட்டது. பழைய விலாசத்தில் போய்த் தட்டிப் பார்த்த மென்பொருள், ஆளைக் காணோம் என்று கேள்விக்குறி போட்டது. நானோ பதறிப்போய் 412 படத்தையும் புதிதாக ஒரு தடவை உள்ளே சேர்த்துவிட்டேன். 'டூப்ளிகேட் என்று சந்தேகப்படுவதைச் சேர்க்காதே' என்று ஒரு கட்டம் உண்டு. அதிலிருந்த டிக்கை எடுத்துவிட்ட புண்ணியவானும் அடியேன்தான். மென்பொருள் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"இப்ப பாருங்க மாமா. மேல உள்ளதை லிஸ்ட்டுலேர்ந்து எடுத்தா, ஆச்சி சொன்ன பேரெல்லாம் போயிரும். கீழ உள்ளதுதான டூப்ளிகேட்டுன்னு அந்தப் படங்களை டிஸ்க்குலேர்ந்தே அழிச்சா, படமே போயிரும். ஏன்னா ரெண்டு விலாசத்துக்கும் ஆள் ஒண்ணுதான்."

எனக்குத் தோசை இறங்கவில்லை. இந்தப் பக்கம் அழித்தால் பெயர் போகும், அந்தப் பக்கம் அழித்தால் முகம் போகும்.

வைத்தியம் இதுதான். முதலில் பேரேட்டுக்கு, அதாவது கேட்டலாகுக்கு, ஒரு நகல். அப்புறம் மென்பொருளை மூடு. பென் டிரைவைக் கழற்று. விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே போய், ஹார்ட் டிஸ்க்குக்குப் பழைய 'ஈ' எழுத்தையே திருப்பிக் கொடு. மறுபடி மென்பொருளைத் திற.

திறந்தோம். மேலே கேள்விக்குறி போயே போச்சு! தாத்தா, அவர் தம்பி, மூக்குத்திக்காரி எல்லாரும் அவரவர் பெயரோடு ஆஜர். கேள்விக்குறி இப்போது 'எஃப்' மேல். அதில் நான் எதுவும் எழுதி வைத்திருக்கிறேனா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, அந்த ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து மட்டும் நீக்கினான். டிஸ்க்கில் இருக்கும் படத்தை அது தொடாது.

அடுத்த பென் டிரைவ் வந்தால் மறுபடி இதே கூத்து வேண்டாம் என்று, டிஸ்க்குக்கு 'எக்ஸ்' என்று கடைசி பெஞ்ச் எழுத்தாகக் கொடுத்தான். விண்டோஸ் முன்னாலிருந்து எழுத்து கொடுத்துக்கொண்டு வருவதால், எக்ஸ் வரை வந்து யாரும் பிடுங்க மாட்டார்கள். எழுத்து மாறியதால் மறுபடி கேள்விக்குறி வந்தது. இந்தத் தடவை நான் பதறவில்லை. மேல் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து, புது இடத்தைக் காட்டிக் கொடுத்ததும் அடியில் இருந்த அத்தனையும் பின்னாலேயே வந்துவிட்டன. கடைசியாக எல்லாப் படத்தையும் தேர்ந்தெடுத்து கன்ட்ரோல்-எஸ். அதனால் பெயர்கள் படத்துக்குள்ளேயே பதிந்துவிடும். பேரேடு தொலைந்தாலும் பெயர் தொலையாது. இதை நாலு சாயங்காலம் முடிந்த அன்றைக்கே செய்திருக்க வேண்டும்.

ஆக, ஒரே டிஸ்க் ரெண்டாகத் தெரிந்தால் அவசரப்பட்டு எதையும் அழிக்காதீர்கள். புதிதாகச் சேர்க்கவும் செய்யாதீர்கள். எது விலாசம், எது ஆள் என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

எல்லாம் முடிந்தபின் பயல் பெயர்ப் பட்டியலை மேலிருந்து கீழாக ஓட்டினான். "மாமா, இங்கயும் ஒரு டூப்ளிகேட் கிடக்கு. அரை டிராயர் போட்ட இந்தப் பையன் ஒரே ஆள்தானே? ஆறு படத்துல உங்க பேரு, மூணு படத்துல 'சின்னத்துரை'ன்னு இருக்கு. ஒண்ணாக்கிரவா?"

சின்னத்துரை என்று என்னைக் கூப்பிட்டது சித்தி ஒருத்திதான்.

"வேண்டாம்ல," என்றேன். "அது ரெண்டாவே இருக்கட்டும்."