புல்லுக்கு இடும் உரம் காற்றுக்குப் போகலாமா?

யூரியா மூட்டை 45 கிலோ. அதில் தழைச்சத்து நூற்றுக்கு 46 பங்கு. அதாவது ஒரு மூட்டையில் 20 கிலோவுக்குச் சற்று அதிகம். இந்த 20 கிலோவில் எவ்வளவு புல்லாகி, மாட்டின் வயிற்றில் பாலாகிறது? கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

கறவை மாட்டுக்காகக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் நம் மாவட்டங்களில் பயிராகிறது. நட்ட 75, 80 நாளில் முதல் அறுப்பு. அதன்பின் 45 நாளுக்கு ஓர் அறுப்பு. அறுத்த கட்டோடு மண்ணின் சத்தும் போய்விடுகிறது. எனவே உரம் தேவை என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நடப்பது என்ன? காய்ந்த தரையில், உச்சி வெயிலில், ஒரேயடியாக வீசுகிறார்கள். யூரியா அம்மோனியா வாயுவாகிப் பறக்கிறது. மிஞ்சியதன் மேல் தண்ணீரைத் தேக்கினால் சத்து நைட்ரேட்டாகிக் கரைந்து கிணற்றுக்கு இறங்குகிறது. அந்தக் கிணற்று நீரைத்தான் ஒரு சென்ட் நிலமில்லாதவனும் குடிக்கிறான்!

அளவு மீறினால் புல்லே விஷமாகும். தண்டில் நைட்ரேட் தேங்கும். வறட்சியில் வாடிய புல்லில் இன்னும் அதிகம் தேங்கும். அதைத் தின்ற மாடு மூச்சுத் திணறிச் சாகக்கூடும். ஒற்றைப் பசுவை நம்பிப் பிழைக்கும் குடும்பத்தின் கதி என்னவாகும்?

வழி கடினமானதல்ல. ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் பங்கு பிரித்து, ஈர மண்ணில், வெயில் தாழ்ந்தபின் இட வேண்டும். உடனே மண் அணைத்து, அளவாக நீர் பாய்ச்ச வேண்டும். தொழு உரத்தை விடக்கூடாது. ஊடே வேலிமசாலோ காராமணியோ போட்டால், அவற்றின் வேர் முடிச்சில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைக் காசில்லாமல் பிடித்துத் தரும். 2015 முதல் உள்நாட்டு யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. நல்லதுதான். ஆனால் காய்ந்த தரையில் வீசினால் அந்தப் பூச்சும் காப்பாற்றாது.

"உரத்தைக் குறைத்தால் மாடு பட்டினி கிடக்காதா?" என்பார்கள். மாட்டின் தீனியைக் குறைக்கச் சொல்லவில்லை. வீணாவதை நிறுத்தத்தான் சொல்கிறோம்.

இதை அறிய வேண்டியவர் யார்? உரம் வீசும் கை விவசாயத் தொழிலாளியின் கை. மண்வள அட்டையோ நிலத்துக்குரியவர் பெயரில் வருகிறது. எவ்வளவு, எப்போது, ஏன் என்று தொழிலாளிக்கு யாரும் சொல்வதில்லை. பிறகு, "அவனுக்கு உரம் போடத் தெரியவில்லை" என்று பழி மட்டும் வருகிறது. இது நியாயமா?

மணலியிலும் தூத்துக்குடியிலும் ஆலைத் தொழிலாளி வியர்வை சிந்தி உண்டாக்கும் உரம் இது. விலைக்கு மேற்பட்ட செலவை மக்கள் வரிப்பணம் மானியமாகச் சுமக்கிறது. வீணாகும் ஒவ்வொரு பிடியும் பொதுச் சொத்து.

ஆகவே பால் கூட்டுறவுச் சங்கங்களிலேயே மண் பரிசோதனைக்கு ஏற்பாடு வேண்டும். உரமிடும் ஆண், பெண் தொழிலாளருக்குக் கூலி நஷ்டமின்றிப் பயிற்சி வேண்டும். சங்கக் கூட்டங்களில் இதை எழுப்புங்கள், தோழர்களே! பயிற்சி பெற்ற கையில்தான் உரம் பாலாகும்.