ரோட்டவேட்டர் போட்டால் டிராக்டர் கொதிக்கிறதா?

“குறுவை அறுத்த வயலில் ரோட்டவேட்டர் போட்டால், ஒரு மணி நேரத்தில் டிராக்டரின் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. டிரெய்லர் இழுக்கும்போது தொந்தரவு இல்லை. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். சம்பா நடவு நெருங்குகிறது. என்ன செய்யலாம்?”
- வாசகர் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்.

இன்ஜினைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். டிரெய்லர் இழுக்கும்போது சூடாகவில்லை என்பதிலேயே பாதி விடை இருக்கிறது. ரோட்டவேட்டர் ஓடும்போது இன்ஜினுக்கு முழு பாரம். சுற்றிலும் வைக்கோல் தூசு. முதல் சந்தேகம் ரேடியேட்டர் மேல்தான் வர வேண்டும்.

முன்பக்க வலையைக் கழற்றிப் பார்க்கவும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே கூளமும் தூசும் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அடையாக ஒட்டியிருக்கும். இன்ஜின் ஆறிய பிறகு, ஃபேன் இருக்கும் பக்கத்திலிருந்து முன்பக்கம் நோக்கித் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் குப்பை இன்னும் உள்ளே போய்ச் சிக்கும். வாட்டர் சர்வீஸ் கடையில் வேகமாகப் பீய்ச்சி அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். உழவு நாட்களில் தினமும் வலையைத் தட்டிச் சுத்தம் செய்வது அவசியம். அப்படியே ஃபேன் பெல்ட்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கவும். சுமார் ஒரு சென்டிமீட்டர் அமுங்கலாம். தொளதொளவென்று இருந்தால் இறுக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் மாற்ற வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றும் பழக்கம் பலரிடம் உண்டு. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்களிலும் படியும். பழைய தண்ணீரை வடித்து, உள்ளே அலசிவிட்டு, டப்பாவில் சொன்ன அளவில் கூலன்ட் ஊற்றவும். வடித்த கூலன்ட்டை வரப்பில் விட்டுவிடக் கூடாது. அது இனிக்கும், மாடோ நாயோ குடித்தால் உயிருக்கே ஆபத்து.

சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். இது தவறு. இன்ஜின் தேவையான சூட்டுக்கு வராமல் டீசல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் வரும். இன்ஜின் கொதிக்கும்போதும் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம். புதிது போட்டால் போதும்.

வயலில் முள் சிவப்புக்குப் போனால் உடனே இன்ஜினை அணைக்காமல், பி.டி.ஓ.வை விடுவித்து, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு அணைக்கவும். தண்ணீர் பீறிட்டு வெளியேறினால் மட்டும் உடனே அணைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. நீராவி அழுத்தத்தில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கண் போனவர்களும் உண்டு. அரை மணி நேரமாவது ஆறவிட்டு, தடித்த சாக்கை மூடிமேல் போட்டு மெல்லத் திருகவும். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் சூடு குறையாவிட்டால், இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வருகிறதா, வெளியே கசிவில்லாமல் தண்ணீர் குறைகிறதா, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ போல இருக்கிறதா என்று பார்க்கவும். குமிழியைப் பார்க்க, ஆறிய இன்ஜினில் மூடியைத் திறந்து வைத்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். அப்போது மெக்கானிக் சொல்வதுதான் சரி. பிரிக்கும்வரை டிராக்டரை வயலில் இறக்க வேண்டாம்.