கரை தொடும் கப்பல்

மண்கும்பானின் மணற்கரையில் நிற்போர்க்கு ஓர் உண்மை எளிதில் விளங்கும்: பெருங்கப்பல் கரைக்கு வராது, தோணிதான் அதனிடம் செல்லவேண்டும். இந்நியதியை மீறவென்றே ஒருவகைக் கப்பல் படைக்கப்பட்டது. யுத்தத் தாங்கிகளையும் துருப்புக்களையும் சுமந்து வந்து, இறங்குதுறை ஏதுமின்றி வெறுங்கரையிலேயே இறக்கிவிடும் கப்பல் அது.

அதன் அமைப்பு விந்தையானது. அடிப்பகுதி தட்டை, அணியப் பக்கத்திற்கு ஆழம் அதிகம் வேண்டியதில்லை. கரையை நெருங்குகையில் பின்புறத்து நங்கூரத்தைக் கடலில் இட்டுவிட்டு மணலில் ஏறி நிற்கும். முகப்புக் கதவு திறக்க, சாய்தளத்தின் வழியே வண்டிகள் உருண்டிறங்கும். பின்னர் அந்நங்கூர வடத்தையே சுருட்டி இழுத்துத் தன்னைக் கடலுக்குள் மீட்டுக்கொள்ளும். திரும்பும் வழியை வரும்போதே எண்ணிவைக்கும் புத்தி!

போலந்தின் கிடினியாவில் 1984, 1985, 1986 ஆம் ஆண்டுகளில் முறையே இந்தியக் கடற்படையிற் சேர்ந்த 'சீத்தா', 'குல்தார்', 'கும்பீர்' ஆகியன இவ்வினத்தவை. (கும்பீரம் என்பது முதலை, நீருக்கும் நிலத்துக்கும் உரியது. பெயரிட்டவரைப் பாராட்டலாம்.) ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் 1,300 தடவைக்கு மேல் கரையேறிய இவை, 2024 ஜனவரி 12 இல் போர்ட் பிளேயரில் ஓய்வு பெற்றன. இலங்கையில் அமைதிப்படை இருந்த காலத்தில் அதற்காக உழைத்தவை. 2004 ஆழிப்பேரலையின் பின் நிவாரணப் பணியில் ஈடுபட்டவை. படையும் நிவாரணமும் ஒரே கதவால்தான் இறங்கும். எது வருகிறதென்பது, கதவு திறக்கும்வரை கரையிலிருப்போர்க்குத் தெரியாது.

குல்தாரைச் சிந்துதுர்க் மாவட்டத்து நிவதிக் கடலில் அமிழ்த்தி, கடலடிக் காட்சிச்சாலையும் மீனுக்குச் செயற்கைப் பாரும் ஆக்க மகாராஷ்டிர அரசு திட்டமிட்டது. அதன்பொருட்டு 2025 பெப்ரவரியில் கப்பல் கையளிக்கப்பட்டது.

நமக்கும் இது புதிதன்று. 2021 ஜூனில் நெடுந்தீவுக் கடலில் பழைய பேருந்துகளை இறக்கினர். மீன் பெருகும் என்றனர். தமிழக மீனவர் எதிர்த்தனர். கடலடியைச் சுரண்டும் இழுவைமடி இரும்பில் சிக்கிக் கிழியும் என்பது அங்குள்ளோர் அச்சம். இங்குள்ள சிறு மீனவர்க்கு அதுவே ஆறுதல். இரு கூற்றையும் நாம் புரிந்துகொள்கிறோம். ஆயினும் நமது கேள்வி வேறு. எண்ணெய், வர்ணம், ரப்பர் யாவற்றையும் களைந்தபின்னரா இறக்குகிறார்கள்? இதை நம் மீனவர் சங்கங்கள் விடாது கேட்கவேண்டும். கப்பலின் கனத்த இரும்பு பல பத்தாண்டுகள் நிற்கும். பேருந்தின் மெல்லிய தகடு உவர்நீரில் எத்தனை காலம் தாங்கும்? அது உதிர்ந்த பிறகு வலையில் ஏறுவது மீனாக இராது.